தோல் என்னும் காப்பு: மைசூர்ச் சீமையின் அம்மைக்குத்தல் முதல் நுண்ணூசி வரை

மைசூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர், முதுமலைக் காடுகளைக் கடந்து நீலகிரிக்கு ஏறுகிறது. மற்றது மத்தூர் வனச்சரகத்தின் ஊடாக வயநாட்டுக்குச் செல்கிறது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும்வரை இவ்வட்டம் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பழைய ஆவணங்களில் இது மைசூர்ச் சீமையின் தென் எல்லை.

2012ஆம் ஆண்டின் இறுதியில் மத்தூர் வனச்சரகத்தில் குரங்குகள் இறந்து கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்தும் பணியில் ஈடுபட்ட வனப் பணியாளர்களிடையே கடுங்காய்ச்சல் கண்டது. ஆய்வகச் சோதனை அதனைக் கியாசனூர்க் காட்டு நோய் என உறுதிப்படுத்தியது. கன்னடத்தில் 'மங்கன காயிலெ', அதாவது குரங்கு நோய், என வழங்கும் இந்நோய் 1957இல் சிமோகா மாவட்டத்துச் சொரபா வட்டத்தில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. உண்ணிகள் வழியே பரவும் இது, பாதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர்வரை உயிரிழக்கக் காரணமாகிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சிமோகாவையும் அதனையொட்டிய மாவட்டங்களையும் சார்ந்ததாகவே கருதப்பட்ட நோய், பல நூறு கிலோமீட்டர் தெற்கே குண்டலுபேட்டை வட்டத்தில் தோன்றியது பொதுச் சுகாதாரத் துறையினருக்கு எதிர்பாராத செய்தி. அடுத்த சில ஆண்டுகளில் வயநாட்டிலும் அது மக்களைத் தாக்கியது.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லாமலில்லை. 1990 முதல் கர்நாடகத்தில் அது வழங்கப்பட்டு வந்தது. ஒரு மாத இடைவெளியில் இரு தவணைகள், ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் ஓர் ஊக்கத் தவணை, அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று என்பது அதன் அட்டவணை. 2005 முதல் 2010 வரையிலான தரவுகளை ஆராய்ந்தபோது, இரு தவணை பெற்றோரிடம் அதன் பயன்திறன் சுமார் 62 விழுக்காடு. ஊக்கத் தவணையும் பெற்றோரிடம் சுமார் 83 விழுக்காடு. ஆனால் தகுதியுடைய மக்களுள் பெரும்பாலோர் எல்லாத் தவணைகளையும் பெறவில்லை. அதற்குரிய காரணங்களுள் ஒன்றாக ஆய்வாளர்கள் குறித்தது மிக எளிய ஒன்று: ஊசி போட்ட இடம் கடுமையாக வலித்தது.

மருந்து இருந்தும் அது உடலுக்குள் சென்று சேரவில்லை. தோலின் மறுபக்கத்துக்கு மருந்தைக் கொண்டுசெல்லும் சிக்கல் மைசூர்ச் சீமைக்குப் புதிதன்று. அதற்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. இன்று 'நுண்ணூசி' என்ற பெயரில் பேசப்படும் தொழில்நுட்பத்தை அவ்வரலாற்றின் தொடர்ச்சியாக வாசிக்கலாம்.

1. காப்பின் கணக்கு

மனிதத் தோலின் மேற்புறத்தில் இறந்த செல்களால் ஆன கொம்புப்படலம் அமைந்துள்ளது. அதன் தடிமன் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் மட்டுமே. தலைமுடி ஒன்றின் குறுக்களவைவிடக் குறைவு. செங்கல்லும் சாந்தும் போல, தட்டையான செல்களும் அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் கொழுப்பும் அடுக்கடுக்காக அமைந்த சுவர் அது. உடலின் நீரை உள்ளே காப்பதும் வெளிப்பொருளைத் தடுப்பதும் அச்சுவரின் பணிகள்.

எவ்வகை மூலக்கூறு இச்சுவரைக் கடக்கும் என்பதற்கு மருந்தியலார் ஓர் எளிய அளவுகோல் வைத்துள்ளனர். ஏறத்தாழ 500 டால்டன் எடைக்குக் கீழ்ப்பட்டதும், கொழுப்பிலும் ஓரளவு கரைவதுமான மூலக்கூறே தானாக உள்நுழையும். நிக்கோட்டின் பட்டை பயன் தருவதற்குக் காரணம் அம்மூலக்கூறு சிறியது, கொழுப்பில் கரைவது என்பதே. அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்த பெப்டைடுகளோ பெரும்பாலும் இவ்விரு தகுதியும் இல்லாதவை. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினின் எடை சுமார் 5,800 டால்டன். எலும்புத் தேய்வுக்குத் தரப்படும் டெரிபாரடைடு 34 அமினோ அமிலங்களால் ஆனது. அதன் எடை 4,000 டால்டனுக்கு மேல். அழகுப் பொருள்களில் சேர்க்கப்படும் மூன்று அமினோ அமிலப் பெப்டைடு ஒன்று 500 டால்டனுக்குள் அடங்குவதுதான். எனினும் அது நீரை நாடும் இயல்பினது, ஆகவே கொழுப்புச் சாந்தில் எளிதில் நுழைவதில்லை.

வாய்வழியாகக் கொடுத்தால் பெப்டைடுகளை உணவுப் புரதம் போலவே வயிற்று நொதிகள் சிதைத்துவிடுகின்றன. 1922 ஜனவரியில் டொராண்டோவில் இன்சுலின் முதன்முதல் ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டபோது அது ஊசி வழியாகவே சென்றது. ஒரு நூற்றாண்டு கடந்தும் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் ஊசியையே நம்பியிருக்கின்றனர். தடுப்பு மருந்துகளில் உள்ள புரதங்களும் நுண்ணுயிர்களும் பெப்டைடுகளினும் பன்மடங்கு பெரியவை. எனவே இன்சுலினுக்கும் அம்மைப்பாலுக்கும் தோல் முன்வைக்கும் தடை ஒன்றே. அத்தடையைக் கீறித் திறப்பதே மனிதர் கண்ட முதல் வழி.

2. அரசியின் மேற்கை

எட்வர்டு ஜென்னர் 1796 மே மாதத்தில் பசுவம்மை நீரைச் சிறுவன் ஒருவனின் கையில் கீறிச் செலுத்திய ஆறு ஆண்டுகளுக்குப் பின் அந்நீர் இந்தியாவை எட்டியது. பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்த அது, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தப்பட்டது. அக்குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்த நீரே பிற குழந்தைகளுக்குச் சென்றது. அவ்வாண்டே இலங்கைக்கும் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் அது பரவியது. கையிலிருந்து கைக்கு, குழந்தையிலிருந்து குழந்தைக்கு என அமைந்த இச்சங்கிலியில், எட்டு நாளுக்கொருமுறை புதிய கை ஒன்று கிடைக்காவிடில் மருந்தே அழிந்துவிடும். வெப்பத்தில் உலர்ந்த நூலிலும் கத்தி முனையிலும் அதன் வீரியம் நிலைக்கவில்லை.

அக்காலத்து மைசூர், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் உடையார் மரபுக்கு மீட்டளிக்கப்பட்ட அரசு. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் சிறுவர். திவான் பூர்ணய்யா ஆட்சியை நடத்தினார். ஆங்கிலேயப் பிரதிநிதி அருகிருந்தார். அரண்மனைக்குள் அரசரின் பாட்டி லட்சுமி அம்மணியின் சொல்லுக்கு வலிமை இருந்தது. 1805இல் தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் அரண்மனைப் பெண்கள் மூவரை ஒரே திரையில் தீட்டினார். நெடுங்காலம் இதனை ஆடல் மகளிரின் ஓவியம் எனக் கருதி வந்தனர். மைசூர் வரலாற்றை ஆராய்ந்த நைஜல் சான்சலர் இதற்கு வேறு விளக்கம் தந்தார். வலப்புறம் நிற்கும் இளம்பெண் அரசரின் இளைய மனைவி தேவாஜம்மணி. அவர் புடவைத் தலைப்பை விலக்கி மேற்கையைச் சுட்டுவது அம்மை குத்திய இடத்தைக் காட்டுவதற்கே என்பது அவர் கருத்து. இடப்புறத்துப் பெண்ணின் மூக்கையும் வாயையும் சுற்றியுள்ள நிறமாற்றத்தை, பழைய முறையில் அம்மைப்பொடியை முகர்ந்ததன் அடையாளமாக அவர் வாசிக்கிறார். நடுவிலிருப்பவர் லட்சுமி அம்மணி என்றும் அவர் கருதுகிறார். 1806 ஜூலையின் ஆவணம் ஒன்று, தேவாஜம்மணிக்குக் குத்தப்பட்ட செய்தி மக்களிடையே நற்பயன் விளைவித்தது என்று கூறுவதையும் அவர் சான்றாகக் காட்டுகிறார்.

ஓவியம் பற்றிய இவ்வாசிப்பு ஓர் ஆய்வாளரின் கருதுகோள். அதனை அவ்வளவிலேயே ஏற்பது முறை. எனினும் அதனால் ஒரு செய்தி தெளிவாகிறது. அந்தப்புரப் பெண்ணின் உடல் பொதுப்பார்வைக்கு வராத காலத்தில், ஓர் அரசியின் கைத்தோல் பிரசாரப் பரப்பாக மாறியிருக்கிறது. அதில் அரண்மனையின் நலனும் இருந்தது, கிழக்கிந்தியக் கம்பெனியின் நலனும் இருந்தது. அம்மைக்குத்தலை ஏற்பது புதிய ஆட்சியின் நல்லெண்ணத்தை ஏற்பதாகவும் பொருள்பட்டது. மறுத்தவர்கள் மருந்தை மட்டும் மறுத்தார்கள் எனக் கொள்வதற்கில்லை. தம் குழந்தையின் கையில் ஏற்றப்படுவது யாருடைய குழந்தையின் கையிலிருந்து வந்தது என்ற கேள்வியும் அம்மறுப்பில் அடங்கியிருந்தது.

3. சொல்லின் வழி

மருந்தைத் தோலுக்குள் செலுத்த இரும்பு போதும். மனத்துக்குள் செலுத்தச் சொல் வேண்டும். தமிழில் நோய்க்கும் தெய்வத்துக்கும் 'அம்மை' என ஒரே பெயர். அம்மை தாக்குவதில்லை, வார்க்கிறாள், இறங்குகிறாள். நலமடைந்தவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்புவர். இத்தகைய சொல்லமைப்புக்குள் தடுப்பு முறை 'அம்மை குத்துதல்' என்றே நுழைந்தது. குத்தப்படும் நீர் 'அம்மைப்பால்' ஆயிற்று. தடுத்தல் என்னும் கருத்து இச்சொற்களில் இல்லை என்பது கவனத்துக்குரியது. தெய்வத்தை விலக்குவதாக அன்றி, அவளைச் சிறிதளவில் ஏற்பதாகவே மொழி அச்செயலைப் புரிந்துகொண்டது. இன்றைய நோயெதிர்ப்பியலின் விளக்கமும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. 'தடுப்பூசி' என்னும் சொல்லோ நோக்கத்தையும் கருவியையும் இணைக்கிறது. அதில் தெய்வத்துக்கு இடமில்லை. கன்னடத்தில் ஊசிமருந்தைக் குறிக்கும் 'சுச்சுமத்து' என்னும் சொல் குத்துதலையும் மருந்தையும் சேர்த்துக் கூறுவது. அதன் ஈற்றுச் சொல் தமிழ் 'மருந்து' என்பதனோடு உறவுடையது.

சொல்லின் ஆற்றலை ஆட்சியாளர்களும் அறிந்திருந்தனர். 1816இல் தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்தினின்று பிறவாத தனிக் குடும்பத்தின என எடுத்துக்காட்டியவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். மொழியியல் மாணவர் அவரைத் திராவிடச் சான்றோடு நினைவுகூர்வர். அதே எல்லிஸ் பசுவம்மைக் குத்தலைப் பரப்பும் நோக்கில் தொன்மக் கதை ஒன்றையும் தமிழில் இயற்றினார். தேவிக்கும் தன்வந்திரிக்கும் இடையிலான உரையாடலாக அமைந்த அக்கதையில், பசு தரும் புனிதப் பொருள்களின் வரிசையில் அம்மைநீரும் சேர்க்கப்படுகிறது.

1819 ஜனவரியில் சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கில இதழ் ஒன்றில், தன்வந்திரியின் பெயரால் வழங்கும் பழைய சமஸ்கிருத நூலொன்று பசுவம்மைக் குத்தலை விவரிப்பதாகச் செய்தி வெளியாயிற்று. பிற்கால ஆய்வு அத்தகைய பகுதி எந்த மெய்யான ஆயுர்வேத நூலிலும் இல்லை எனக் காட்டியது. நன்னோக்கத்துக்காகப் புனையப்பட்ட அச்சான்று ஐரோப்பிய நூல்களில் புகுந்து, பின்னர் இந்தியப் பெருமைப் பேச்சிலும் இடம்பெற்று, இன்றும் முற்றிலும் மறையவில்லை. மக்களை இணங்கச் செய்வதற்காகச் சொன்ன பொய், மருந்து பயனற்றுப் போன பின்னும் நீண்டகாலம் உயிரோடிருக்கும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

4. வெப்பமும் வலியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைமாற்றுச் சங்கிலிக்குப் பதிலாகக் கன்றுகளின் தோலில் அம்மைப்பால் வளர்க்கப்பட்டது. சென்னை மாகாணச் சுகாதார அலுவலர் டபிள்யூ. ஜி. கிங், வெப்பத்தைச் சற்றேனும் தாங்கும்படி அதனைக் கம்பளிக் கொழுப்பில் குழைத்துப் பாதுகாக்கும் முறையைக் கையாண்டார். 1899இல் கிண்டியில் தொடங்கப்பட்ட நிறுவனம் அவர் பெயரையே தாங்கியது. 1907இல் குன்னூரில் வெறிநாய்க்கடி மருத்துவத்துக்கெனப் பாஸ்டர் நிறுவனம் அமைந்தது. குண்டலுபேட்டையில் பிரியும் நீலகிரிச் சாலை உதகையைக் கடந்து எட்டும் ஊர் அது. மருந்து செய்யும் நிலையம் மலைமேல். மருந்து சேரவேண்டிய ஊர்கள் சமவெளியிலும் காட்டோரத்திலும். இடையிலிருந்த பகை வெயில்.

கருவியும் மாறியது. 1853இல் துளையூசியும் பீச்சுகுழலும் வழக்குக்கு வந்தன. ஆயினும் பெரியம்மைக்கு மட்டும் தோலின் மேலடுக்கைக் கீறும் முறையே நீடித்தது. இந்தியாவில் நெடுங்காலம் பயன்பட்டது பற்கள் பதித்த வட்டக் கருவி. கையில் அழுத்தித் திருகும் அக்கருவி தந்த வலியும், பின்னர் எழுந்த புண்ணும், வாழ்நாள் முழுதும் நின்ற வடுவும் மக்கள் அஞ்சி ஒளிந்ததற்கு முதன்மையான காரணங்கள்.

1960களில் பெஞ்சமின் ரூபின் வடிவமைத்த பிளவுமுனை ஊசி நிலைமையை மாற்றியது. தையல் ஊசியின் காதைப் பாதியில் அறுத்தாற் போன்ற கவர்முனை. அதன் இடையில் 0.0025 மில்லிலிட்டர் மருந்து தொக்கி நிற்கும். ஒரே இடத்தில் 15 முறை மேலோட்டமாகக் குத்தினால் போதும். மருந்தின் செலவு குறைந்தது. சிறிது நேரப் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளரே குத்த முடிந்தது. வெப்பம் தாங்கும் உறையுலர் மருந்தும் அதனோடு சேர்ந்தது. 1975 மே மாதத்தில் இந்தியாவின் இறுதிப் பெரியம்மை நோயாளி அசாமில் இனங்காணப்பட்டார். 1977இல் நாடு அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

பிளவுமுனை ஊசியின் வெற்றிக்கு உடலியல் காரணமும் உண்டு. தோலின் மேலடுக்குகளில் நோயெதிர்ப்புச் செல்கள் செறிந்துள்ளன. தசையைக் காட்டிலும் தோல் தடுப்பு மருந்துக்கு உகந்த வாயில். கொம்புப்படலத்தைத் தாண்டினால் போதும், ஆழமாகச் செல்லத் தேவையில்லை என்ற இவ்வறிவே நுண்ணூசியின் அடிப்படை.

5. நுண்ணூசி

ஒரு பட்டையில் நூற்றுக்கணக்கான நுண்முனைகளைப் பதித்து மருந்தைத் தோலுக்குள் செலுத்தலாம் என்னும் கருத்துக்கு அமெரிக்காவில் மார்ட்டின் கெர்ஸ்டெல், விர்ஜில் பிளேஸ் ஆகியோர் 1976இல் காப்புரிமை பெற்றனர். அத்துணைச் சிறிய முனைகளைச் செதுக்கும் தொழில்நுட்பம் அப்போது இல்லை. கணினிச் சில்லுகளைச் செதுக்கும் முறை வளர்ந்த பின்னரே அது கைகூடியது. 1998இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் பிராஸ்னிட்ஸ் குழுவினர் 150 மைக்ரோமீட்டர் நீளமுள்ள சிலிக்கான் முனைகளால் மனிதத் தோலைத் துளைத்து, அதன் ஊடுருவு திறன் ஆயிரம் மடங்குக்கும் மேலாக உயர்வதைக் காட்டினர். கொம்புப்படலத்தைத் தாண்டும் அளவுக்கு நீளம். வலியுணர் நரம்புகளைப் பெரிதும் தீண்டாத அளவுக்குக் குறுக்கம். வலி குறைவதன் இரகசியம் இவ்வளவே.

இன்று இவை பல வகையின. முதலில் துளையிட்டுப் பின் மருந்து பூசப்படுவது ஒன்று. முனையின் மேலேயே மருந்து பூசப்பட்டது மற்றொன்று. சர்க்கரை அல்லது கரையும் பலபடிப் பொருளில் மருந்தைக் கலந்து வார்த்து, தோலுக்குள்ளேயே முனை கரைந்துபோவது மூன்றாவது. உட்டுளை உடையவை நான்காவது; காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இவ்வகையை நுண்ணேற்றியோடு இணைத்து உருவாக்கியுள்ளனர். தோலின் நீரை உறிஞ்சிப் பருத்து, அதன்வழி மருந்தைக் கசியவிடுவன ஐந்தாவது வகை. கரையும் முனைகளில் பெப்டைடு உலர்நிலையில் உறைந்திருப்பதால் வெப்பத்தைத் தாங்கும் வாய்ப்பு மிகுதி; பயன்படுத்திய பின் எறிவதற்குக் கூர்முனையும் எஞ்சுவதில்லை.

எனினும் எல்லைகள் உள்ளன. பூசப்பட்ட பட்டை ஒன்று சுமக்கும் மருந்து பெரும்பாலும் ஒரு மில்லிகிராமுக்குள். இன்சுலின் 40 அலகு என்பதே சுமார் 1.4 மில்லிகிராம். ஆகவே மைக்ரோகிராம் அளவிலேயே பயன் தரும் ஹார்மோன்களுக்கும் தடுப்பு மருந்துகளுக்குமே இம்முறை இயல்பாகப் பொருந்துகிறது. அங்கும் தோல்வி உண்டு. எலும்பை வலுப்படுத்தும் 34 அமினோ அமிலப் பெப்டைடான அபலோபாரடைடு, நுண்ணூசிப் பட்டையாக மூன்றாம் கட்ட ஆய்வுக்குச் சென்றது. 2021இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் முதுகெலும்பின் அடர்த்தி பட்டையால் சுமார் 7.1 விழுக்காடும் வழக்கமான ஊசியால் சுமார் 10.9 விழுக்காடும் உயர்ந்தது. பட்டை பயன் தந்தது. ஆயினும் ஊசிக்கு நிகராகவில்லை. தோலைத் தாண்டுவது வேறு, உரிய அளவு உரிய வேகத்தில் குருதியை எட்டுவது வேறு.

அழகுக்கலை நிலையங்களில் முள்ளுருளையால் முகத்தைத் துளைத்துப் பெப்டைடு நீர்மங்களைத் தடவும் வழக்கம் இன்னோர் எச்சரிக்கையைத் தருகிறது. தோலின் மேல் தடவத் தீங்கற்றது எனச் சோதிக்கப்பட்ட பொருள், தோலுக்குள் தீங்கற்றது எனச் சோதிக்கப்படவில்லை. துளையிட்ட தோலில் தடவிய நீர்மங்களால் பெண்கள் சிலருக்கு முகத்தில் ஒவ்வாமைக் கட்டிகள் தோன்றியதை 2014இல் தோல் மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. கொம்புப்படலம் வெறும் தடையன்று, காப்பு. அதனைத் திறப்பவர் திறப்பின் விளைவுக்கும் பொறுப்பாவார்.

தடுப்பு மருந்துத் துறையில் நம்பிக்கை தரும் செய்தி 2024இல் வந்தது. காம்பியா நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா மருந்தை நுண்ணூசிப் பட்டையாகக் குழந்தைகளுக்கு ஒட்டிச் சோதித்தனர். ஒப்பீட்டுக்கு வைத்த ஊசிமருந்து புனேயில் தயாரானது. பட்டை பெற்ற கைக்குழந்தைகளில் 93 விழுக்காட்டினரும் ஊசி பெற்றோரில் 90 விழுக்காட்டினரும் தட்டம்மைக்கான எதிர்ப்பாற்றல் பெற்றனர். சிறிய ஆய்வு, முடிவான சான்றன்று. ஆனால் ஒரு தட்டம்மை மருந்தைக் கூர்ந்த ஊசியின்றிக் குழந்தையின் மணிக்கட்டில் ஒட்டிவிடலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

6. மீண்டும் காட்டோரம்

இவ்வளவையும் குண்டலுபேட்டைக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கலாம். காட்டோரக் குடியிருப்புகளில் சோலிகரும் ஜேனுகுறும்பரும் வாழ்கின்றனர். குளிர்ப்பெட்டியோடும் பயிற்சி பெற்ற செவிலியரோடும் ஆண்டுதோறும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் சென்று மீள்வது எளிதன்று. வெப்பம் தாங்கி, வலி குறைத்து, ஊர்ச் சுகாதாரப் பணியாளரே ஒட்டக்கூடிய பட்டை அங்கு மெய்யாகவே மாற்றம் தரும்.

ஆயினும் குரங்கு நோய்த் தடுப்பூசியின் கதை வலியோடு முடியவில்லை. அதன் வீரியம் குறைந்துவிட்டதெனக் கண்டு 2022இல் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. புதிய மருந்து உருவாக்கத்தில் உள்ளது. வலித்ததால் மறுத்தவர்களை அறியாதோர் எனக் குறைகூறிய காலமும் இருந்தது. அம்மக்கள் தாங்கிய வலிக்கு ஈடாகக் கிடைத்த காப்பு முழுமையானதன்று என்பது பின்னர் வெளிப்பட்டது. பழைய மருந்தை நுண்ணூசியில் ஏற்றியிருந்தால் வலி நீங்கியிருக்கும்; மருந்தின் குறை நீங்கியிராது. வலியில்லாத பட்டை, வீரியமற்ற மருந்தை எவரும் கேள்வி கேளாமல் ஏற்கச் செய்யவும் கூடும்.

1806இல் அரசியின் கை, அதன்பின் புனைந்த சுவடி, பின்னர் கிண்டியின் கன்று, அடுத்துக் கவர்முனை ஊசி, இப்போது கரையும் முனை. கருவி தலைமுறைதோறும் சிறுத்து வந்திருக்கிறது. உள்ளே செல்வது என்ன, அது எவ்வளவு காக்கும், எவ்வளவு காலம் காக்கும் என்று குத்தப்படுபவருக்கு அவர் மொழியில் உண்மையாகச் சொல்லும் கடமை மட்டும் அதே அளவில் நிற்கிறது. அடுத்த தடுப்பு மருந்து ஊசியாக வந்தாலும் பட்டையாக வந்தாலும், மத்தூர் வனச்சரகத்துப் பணியாளர் கையை நீட்டுமுன் கேட்கப்போவது அதைத்தான்.